வராத கடிதம் எங்கே நிற்கிறது?

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தும் ஓர் அலுவலகம். அடுத்த அறையில் இருப்பவருக்கு அனுப்பிய அஞ்சல் நொடியில் போய்ச் சேர்கிறது. வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்பியதும் போய்விடுகிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை. மதியத்துக்கு மேல் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "காலையிலிருந்து மூணு மெயில் போட்டேன் சார், ஒண்ணுக்கும் பதில் காணோமே" என்கிறார். அதன் பிறகுதான் தேடிப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து நேற்று இரவு முதல் ஒரு கடிதம்கூட உள்ளே வரவில்லை.

மற்றப் பழுதுகளிலிருந்து இது வேறுபட்டது. கடிதத்தை அனுப்ப முடியாமல் போனால் சர்வருக்கு அது தெரியும். லாக் கோப்பில் எழுதி வைக்கும், வரிசையில் நிறுத்தி மறுபடி முயலும். வராமல் போன கடிதத்தைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. வந்து கதவைத் தொடாத ஒன்றுக்கு லாக்கில் வரி கிடையாது. தடயம் பெரும்பாலும் அனுப்பியவரின் சர்வரில் கிடக்கிறது. அனுப்பியவருக்கும் உடனே தெரிந்துவிடுவதில்லை. உலகில் ஏராளமான சர்வர்களில் இயங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், மாற்றி அமைக்காத வரை, 5 நாட்கள் சத்தமில்லாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் "சேர்க்க முடியவில்லை" என்று அனுப்பியவரிடம் திருப்பித் தரும். இரண்டு பக்கமும் மௌனமாக இருக்கும் அந்த 5 நாட்கள்தான் இந்தப் பழுதை இவ்வளவு மோசமாக்குகின்றன.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் முதலில் செய்வது, அதே சர்வருக்குள் உட்கார்ந்தபடி தனக்குத் தானே ஒரு சோதனை அஞ்சல் அனுப்பிப் பார்ப்பது. அது வந்துவிடும். வந்துவிட்டதே, சர்வர் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டால் கேட்கிறது என்பதை வைத்து வாசலில் இருக்கும் அழைப்புமணி வேலை செய்கிறது என்று முடிவு கட்டுவது போன்றது இது. உள்ளே சுற்றும் கடிதத்துக்கு டொமைன் பதிவு வேண்டாம், ரவுட்டர் வேண்டாம், ஃபயர்வாலைத் தாண்ட வேண்டாம். வெளிக்கடிதத்துக்கு இவை அத்தனையும் வேண்டும். ஆகவே இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: வெளியே போய், ஒரு கடிதம் வரும் பாதையில் நாமும் அடி அடியாக நடந்து வர வேண்டும்.

அந்தப் பாதையின் விதிகள் பழையவை. எஸ்எம்டிபி எனப்படும் அஞ்சல் பரிமாற்ற நெறியை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தக் கணினி வாங்கிக்கொள்ளும் என்று உலகுக்கு அறிவிக்கும் எம்எக்ஸ் பதிவை, 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974 விளக்கியது. இன்று ஜிமெயிலிலிருந்து கிளம்பும் கடிதமும் இந்த இரண்டின் வழியாகவே வருகிறது. முதலில் டிஎன்எஸ்ஸிடம் "இந்த டொமைனின் எம்எக்ஸ் யார்?" என்று கேட்கும். கிடைத்த பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்கும். அந்த முகவரியின் 25ஆம் எண் போர்ட்டில் இணைப்புக் கோரும். இணைப்புக் கிடைத்தால் பேசத் தொடங்கும்.

எம்எக்ஸ் பதிவில் நடக்கும் தவறுகள் சிறியவை. கண்ணுக்கு எளிதில் படாதவை. பெயருக்குப் பதில் ஐபி முகவரியையே எழுதிவிடுவார்கள். விதிப்படி அங்கே பெயர்தான் இருக்க வேண்டும். பைண்ட் போன்ற டிஎன்எஸ் மென்பொருளின் கோப்பில் சர்வரின் முழுப்பெயரை எழுதிவிட்டுக் கடைசியில் வைக்க வேண்டிய ஒற்றைப் புள்ளியை விட்டுவிடுவார்கள். புள்ளி இல்லாத பெயரை முடிவடையாத பெயராக எடுத்துக்கொண்டு, மென்பொருள் அதன் பின்னால் டொமைனை இன்னொரு முறை ஒட்டிவிடும். அப்படி ஒரு கணினி உலகில் எங்கும் இல்லை. கடிதங்கள் முகவரி தெரியாமல் நிற்கும். எம்எக்ஸ் பதிவே இல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் டொமைனின் நேரடி ஐபி முகவரிக்கே கடிதத்தைக் கொண்டுபோகும். அங்கே பெரும்பாலும் இணையதளம்தான் இருக்கும், அஞ்சல் சர்வர் இருக்காது.

இதைச் சரிபார்க்கும்போது அலுவலகத்துக்குள் இருக்கும் டிஎன்எஸ்ஸைக் கேட்கக் கூடாது. உள்ளே ஒரு விடை, வெளியே வேறு விடை என்று பிரித்து அமைத்திருக்கும் இடங்கள் பல. டிக் என்ற கட்டளையில் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால், உலகம் என்ன பார்க்கிறதோ அது தெரியும். பதிவைத் திருத்திய பிறகும் பொறுமை வேண்டும். பதிவின் ஆயுள் 86,400 விநாடி என்று எழுதியிருந்தால், பழைய விடையை மனதில் வைத்திருக்கும் சர்வர்கள் ஒரு நாள் முழுக்க அதையே நம்பும்.

பெயரும் முகவரியும் சரி என்றால் அடுத்தது இணைப்பு. வெளியே உள்ள ஒரு கணினியிலிருந்து டெல்நெட் மூலம் நம் சர்வரின் 25ஆம் போர்ட்டைத் தொட்டுப் பார்ப்பது ரொம்பப் பழைய சோதனை. இதைவிடப் பயனுள்ள சோதனையை நான் அறியேன். நடக்கக்கூடியவை மூன்று. "220" என்று தொடங்கும் வரவேற்பு வரலாம். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே முகத்தில் அடித்தது போல் பதில் வரலாம். அல்லது ஒன்றுமே நடக்காமல் நிமிடக்கணக்கில் திரை காத்துக் கிடக்கலாம்.

பின்னிரண்டும் தோல்விதான் என்றாலும் இரண்டும் சொல்வது வேறு வேறு. அஞ்சலுக்கான இணைப்பு ஒவ்வொன்றும் 'சின்' என்ற சிறு பொட்டலத்தில் தொடங்குகிறது. அது போய்ச் சேர்ந்த கணினியில் அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் காது கொடுத்துக் காத்திருக்கவில்லை என்றால், இயங்குதளம் 'ஆர்எஸ்டி' என்ற மறுப்பைத் திருப்பி அனுப்பும். அதாவது, மறுப்பு வருகிறது என்றால் பொட்டலம் பெரும்பாலும் கணினி வரை வந்துவிட்டது. பாதை சரி, நிரல்தான் கேட்கவில்லை. மௌனம் என்றால், வழியில் ஒரு ஃபயர்வால் பொட்டலத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் கீழே போட்டிருக்கிறது, அல்லது ரவுட்டர் அதை உள்ளே எங்கே அனுப்புவது என்று தெரியாமல் விட்டிருக்கிறது. மறுப்பு வந்தால் அஞ்சல் நிரலில் தேடுங்கள், மௌனம் என்றால் பாதையில் தேடுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி வேலை மிச்சம்.

மறுப்புக்கு மிகப் பொதுவான காரணம், நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் காத்திருப்பது. 127-ல் தொடங்கும் முகவரிகள் ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து யாரும் அங்கே வர முடியாது. ரெட்ஹாட் வகை லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவினால் அது தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும். டெபியனில் நிறுவும்போது "உள்ளூர் மட்டும்" என்ற தேர்வைத் தொட்டாலும் இதே நிலைதான். சர்வரில் எஸ்எஸ் கட்டளையை ஓட்டி, 25ஆம் போர்ட்டுக்கு முன்னால் இருப்பது 127.0.0.1-ஆ 0.0.0.0-ஆ என்று பார்த்தால் தெரிந்துவிடும். அமைப்புக் கோப்பில் 'ஐநெட் இன்டர்ஃபேசஸ்' என்ற வரியை மாற்றி, மறுதொடக்கம் செய்தால் தீர்ந்தது.

தொடக்கத்திலேயே எல்லாருக்கும் திறந்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. யார் யாருக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்தாலும் வாங்கி அனுப்பிவைப்பதே அந்நாளைய சர்வர்களின் பண்பு. 1990-களில் குப்பை அஞ்சல் அனுப்புவோர் அந்தப் பண்பைச் சூறையாடினார்கள். 1998-ல் வந்த சென்ட்மெயில் 8.9, அந்நியர் கடிதத்தை வேறோர் அந்நியருக்குக் கடத்துவதை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. இன்றைய மூடிய அமைப்புகள் எல்லாம் அந்த அனுபவத்தின் பிள்ளைகள். அவற்றை எரிச்சலில் ஒட்டுமொத்தமாகத் திறந்துவிடுவது பெரிய தவறு. அப்படித் திறந்த சர்வரைக் குப்பை அனுப்புவோர் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மௌனத்துக்கு மருந்து டிசிபிடம்ப். 1988-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்த இந்தக் கருவி, கணினியின் வலைப்பின்னல் அட்டைக்கு வந்து சேரும் பொட்டலங்களை அப்படியே காட்டும். லினக்ஸில் அது பார்க்கும் இடம், கணினியின் சொந்த ஃபயர்வால் பொட்டலத்தைத் தொடுவதற்கு முன்னால். ஆகவே சர்வரில் இதை ஓட்டிவிட்டு, வெளியிலிருந்து இணைப்புக் கோரச் சொன்னால் விடை தெளிவாகக் கிடைக்கும். பொட்டலம் தெரிந்தும் பதில் இல்லை என்றால் சர்வரின் ஃபயர்வால். பொட்டலமே தெரியவில்லை என்றால் ரவுட்டர், கிளவுட் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி, அல்லது இணைய சேவை நிறுவனம்.

கடைசியில் சொன்னதில் நம் ஊர் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு பிராட்பேண்ட் இணைப்பு பலவற்றில் ரவுட்டருக்குக் கிடைப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியாக இருக்கும். பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-ல் தனியாக ஒதுக்கிய எண்கள் இவை. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து எவராலும் வர முடியாது. ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. நிலையான பொது முகவரியைக் கேட்டு வாங்கினால்தான் வீட்டில் அஞ்சல் சர்வர் சாத்தியம்.

சோதனையே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. குப்பை அஞ்சலைத் தடுப்பதற்காக வீட்டு இணைப்புகளிலிருந்து வெளியே போகும் 25ஆம் போர்ட்டைப் பல சேவை நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன; பெரிய கிளவுட் நிறுவனங்களும் அப்படியே. அங்கிருந்து டெல்நெட் செய்து மௌனம் வந்தால், அடைப்பு நம் சர்வரில் இல்லை, சோதித்த இடத்தில். ஒரே இடத்திலிருந்து பார்த்து முடிவு கட்டாமல், வேறொரு பெரிய அஞ்சல் சேவையிலிருந்தும் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அதே நேரத்தில் லாக்கை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

இணைப்புக் கிடைத்தும் வரவேற்பு வரியில் எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறிகளாக வந்தால் பயப்பட வேண்டாம். சிஸ்கோவின் பழைய பிக்ஸ் ஃபயர்வால் அப்படிச் செய்யும். அஞ்சல் உரையாடலைக் காப்பாற்றுகிறேன் என்று நடுவில் புகுந்து, சர்வரின் பெயரை மறைத்து, தனக்குத் தெரியாத கட்டளைகளைச் சிதைத்துவிடும். சில இடங்களிலிருந்து மட்டும் கடிதம் வரும், சில இடங்களிலிருந்து வராது. இது எவ்வளவு பரவலான தொல்லை என்றால், போஸ்ட்ஃபிக்ஸில் பிக்ஸைச் சமாளிப்பதற்கென்றே தனி அமைப்பு வரிகள் இருக்கின்றன.

இனி உரையாடல். அனுப்பும் சர்வர் 'எஹ்லோ' சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநர் யார் எனச் சொல்லும். 'ஆர்சிபிடி டூ' என்று பெறுநரைச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் வரும். பெறுநரின் பெயரைச் சொன்னதும் "554 5.7.1, ரிலே மறுக்கப்பட்டது" என்று வந்தால், சர்வருக்குத் தன் டொமைன் தன்னுடையது என்றே தெரியவில்லை என்று பொருள். வேறு யாருக்கோ உரிய கடிதத்தைத் தன் வழியாகக் கடத்தப் பார்க்கிறார்கள் என்று அது நினைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் 'மைடெஸ்டினேஷன்' என்ற பட்டியலில் டொமைனைச் சேர்க்க மறந்தால் இது நடக்கும். உள்ளிருந்து சோதிக்கும்போது மட்டும் இந்த மறுப்பு வராது. உள் வலைப்பின்னலை சர்வர் நம்புகிறது.

இந்தக் கட்டத்தில்தான் குப்பை வடிகட்டிகளும் நிற்கின்றன. குப்பை அனுப்பும் முகவரிகளின் கறுப்புப் பட்டியலை டிஎன்எஸ் வழியே கேட்டறிந்து மறுப்பது வழக்கம். ஓஆர்டிபி என்று ஒரு பட்டியல் இருந்தது. கடத்தலுக்குத் திறந்து கிடந்த சர்வர்களைத் தொகுத்து வைத்தது. 2006 டிசம்பரில் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். அறிவித்த பிறகும் ஏராளமான சர்வர்கள் அதைக் கேட்பதை நிறுத்தவில்லை. யாரோ எப்போதோ எழுதிய அமைப்பு வரி அப்படியே கிடந்தது. 2008 மார்ச்சில், எந்த முகவரியைப் பற்றிக் கேட்டாலும் "பட்டியலில் இருக்கிறது" என்று அது பதில் சொல்லத் தொடங்கியது. அன்று காலை வரை நன்றாக இருந்த சர்வர்கள், யாரும் ஒன்றையும் மாற்றாமலேயே, வெளியிலிருந்து வந்த கடிதங்கள் அத்தனையையும் குப்பை என்று திருப்பி அனுப்பின. "நேற்று வரை வேலை செய்ததே, நாங்கள் எதையும் தொடவில்லையே" என்று நிர்வாகிகள் சொல்வதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இன்றும் இதன் சாயல் உண்டு. ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைப் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்ற எண் வரும். அது "இந்த வழியில் கேட்காதே" என்ற பிழைச் செய்தி. எந்த எண் வந்தாலும் குப்பை என்றே எடுத்துக்கொள்ளும் சர்வர், வருவோர் அனைவரையும் விரட்டிவிடும்.

மறுப்பு எண்ணின் முதல் இலக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 4-ல் தொடங்கினால் "இப்போது முடியாது, பிறகு வா" என்று பொருள். வட்டில் இடம் தீர்ந்தால் வரும் 452 இந்த வகை. 5-ல் தொடங்கினால் "முடியாது, இனி வராதே". 4 என்று கேட்ட சர்வர் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். இப்போதைய நெறியான ஆர்எஃப்சி 5321, 4 அல்லது 5 நாட்களாவது முயல வேண்டும் என்கிறது. இணைப்பே கிடைக்காத மௌனத்துக்கும் இதே மரியாதைதான். 5 என்று கேட்டால் கடிதம் அங்கேயே முடிந்தது. 2020 டிசம்பர் நடுவில் ஜிமெயிலுக்கே இது நேர்ந்தது. உள்ளே நடந்த ஒரு மாற்றத்தால், அஞ்சலை வாங்கும் பகுதிக்கு 'ஜிமெயில்.காம்' என்ற பெயருக்குப் பதில் தவறான டொமைன் பெயர் போய்ச் சேர்ந்தது. விளைவாக, உண்மையான முகவரிகளுக்கு வந்த கடிதங்களுக்கும் "550, அப்படி ஒரு கணக்கே இல்லை" என்று சில மணி நேரம் பதில் போயிற்று. பழுது சீரானாலும் திரும்பிப் போன கடிதங்கள் தாமாக மறுபடி வரவில்லை. அதே குழப்பத்தில் 4 என்று பதில் போயிருந்தால் கடிதங்கள் தாமதமாகியிருக்கும், தொலைந்திருக்காது.

அதனால்தான் அஞ்சல் சர்வரில் கை வைப்பவர்களிடம் நான் முதலில் வேண்டுவது ஒன்று. போஸ்ட்ஃபிக்ஸில் 'சாஃப்ட் பவுன்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. வேலை நடக்கும் நேரத்துக்கு அதை இயக்கிவிட்டால், 5 என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் சர்வர் 4 என்று சொல்லும். அமைப்பில் தவறு செய்தாலும் யாருடைய கடிதமும் வீணாகாது. முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் பொய் முகவரிக்கு எழுதியவர்கள் நாட்கணக்கில் விடை தெரியாமல் காத்திருப்பார்கள்.

சர்வர் 250 என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்ட பிறகும் அது பெட்டிக்கு வராமல் போகலாம். 2022 ஜனவரி 1 அன்று உலகெங்கும் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் கடிதங்கள் வரிசையில் உறைந்து நின்றன. அவற்றின் வைரஸ் சோதனை நிரல், தன் பதிப்பு எண்ணைத் தேதியால் அமைத்திருந்தது: ஆண்டு, மாதம், நாள், பிறகு நான்கு இலக்க வரிசை எண். புத்தாண்டில் அது 2201010001 ஆயிற்று. 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 2147483647. முந்தைய ஆண்டின் எண்கள் 21-ல் தொடங்கி அதற்குள் அடங்கின; 22-ல் தொடங்கியது அடங்கவில்லை. சோதனை நிரல் செயலற்றுப் போனது, சோதிக்காமல் கடிதத்தை விடக்கூடாது என்ற விதியால் எல்லாம் நின்றது. பாதை முழுவதும் நடந்து வந்து பழுது எங்கும் இல்லை என்றால், கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் சர்வரின் சொந்த வரிசை.

சில அனுப்புநர்களின் கடிதம் மட்டும் வராத நிலையும் உண்டு. அலுவலகம் தன் அஞ்சலை ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து சொந்த சர்வருக்கு மாற்றியிருக்கும். பழைய நிறுவனத்தின் சர்வரோ அந்த டொமைனை இன்னும் தன்னுடையது என்று வைத்திருக்கும். அதே நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்கள் அனுப்பும் கடிதங்கள் எம்எக்ஸைக் கேட்காமலேயே அங்குள்ள பழைய பெட்டியில் விழுந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பழைய கணக்கில் நுழைந்து பார்த்தால் மாதக்கணக்கான கடிதங்கள் படிக்கப்படாமல் இருக்கும்.

பழுதைத் திருத்தியதும் காத்திருந்தவை வரத் தொடங்கும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அனுப்பும் சர்வர் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். போஸ்ட்ஃபிக்ஸில் அது வழக்கமாக 300 விநாடியில் தொடங்கி 4,000 விநாடி வரை போகும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், வரிசை முன்பின் மாறியிருக்கலாம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, நம் லாக்கைப் பின்னோக்கிப் புரட்டி, 5-ல் தொடங்கும் எண்ணோடு நாம் தவறாகத் திருப்பி அனுப்பிய முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதுவது. அவர்களுக்கு நாம்தான் முதலில் எழுத வேண்டும்: பழுது எங்கள் பக்கம் இருந்தது, தயவுசெய்து உங்கள் கடிதத்தை இன்னொரு முறை அனுப்புங்கள் என்று.